மகசீன் பற்றி நான் எழுதிய கடிதம்

1

இன்றோடு அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டு மூன்று வருடம்.

ஜூலை மாதத்து மெல்பேர்ணில் காலை ஏழு மணிக்கும் வெளிச்சம் சரியாக வந்திருக்காது. சன்ஷைன் புகையிரத நிலையத்தில் நிற்கிறேன். பெயர் சன்ஷைன், தண்டவாளத்துக்குப் பக்கத்துப் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. இரண்டு காற்சட்டைப் பைகளுக்குள்ளும் கையை விட்டுக்கொண்டு வண்டிக்குக் காத்திருக்கிறேன். இப்போது எனக்கு ஒரு பால் தொழிற்சாலையில் வேலை. பாலில் எவ்வளவு கொழுப்பு என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது. யாருக்கும் கெடுதல் செய்யாத வேலை.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் கேட்கிறார்கள். குளிர் தாங்குதா? அரிசி கிடைக்குதா? மகள் மாலதி தமிழ் கதைக்கிறாளா? தாங்குகிறது; கிடைக்கிறது; கதைப்பதில்லை. இந்த மூன்று பதில்களையும் எத்தனையோ தரம் எழுதிவிட்டேன். பிளாஸ்ரிக் தொழிற்சாலை வேலையை ஏன் விட்டீர்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள், தெரியாதவர்களுக்குக் கேட்கத் தோன்றாது. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். மற்றதொன்றையும் மாற்றவில்லை.

2

ஊரில் நான் அரசாங்கத் தொழிற்சாலையொன்றின் ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளர். இங்கே வந்தபோது என் பட்டத்தை ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை; வாங்கிப் பார்த்து, மடித்துத் திருப்பித் தந்தார்கள். ஐந்து மாதம் அலைந்தபிறகு ஒரு பிளாஸ்ரிக் வார்ப்புத் தொழிற்சாலையில் பரிசோதனை உதவியாளர் வேலை கிடைத்தது. கார்களின் முன்பலகை, தொலைபேசி உடல், பழக்கூடை, எல்லாம் அங்கே வார்த்தார்கள். முதல் நாளே ஏழெட்டுக் கடதாசிகளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று, இங்கே பார்ப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்ற உறுதிமொழி. வேலை கிடைத்த சந்தோசத்தில் எதையும் வாசிக்கவில்லை.

இரண்டாம் வருடம் நிர்வாகம் ஒரு புது முயற்சியில் இறங்கியது. குளிர்நாடொன்றின் இராணுவத்துக்குத் துப்பாக்கி மகசீன் தேவைப்பட்டது. ரவைகளை அடுக்கித் துப்பாக்கியின் அடியில் செருகும் பெட்டிக்கு மகசீன் என்று பெயர். அதுவரைக்கும் தகரத்தில்தான் செய்வார்கள். நைலோனில் செய்தால் பாரமும் குறைவு, துருவும் பிடிக்காது. ஆனால் அந்த நாட்டின் குளிரில் நைலோன் தாங்குமா? அதைக் கண்டுபிடிப்பது என் வேலையாயிற்று.

எனக்கு மேலே இருந்தவர் கென். அறுபத்துமூன்று வயது. என் பெயர் இரத்தினவேல் என்றபோது, "அவ்வளவையும் என்னால் சொல்ல ஏலாது, ரொன் என்று கூப்பிடுகிறேன்" என்றார். அன்றிலிருந்து நான் ரொன். நாடு செல்சியசுக்கு மாறியிருந்தாலும் கென் மாறவில்லை. நான் ஒரு எண் சொன்னால் அவர் பரனைற்றில் இன்னொரு எண் சொல்லுவார். குளிர்ப்பெட்டியைச் சைபருக்குக் கீழே நாற்பதுக்குக் கொண்டுபோன அன்று இரண்டு கணக்கும் ஒன்றாகிவிட்டது. அந்த இடத்தில் செல்சியசும் பரனைற்றும் ஒரே எண். "கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போய்விட்டோம், ரொன்" என்று சிரித்தார்.

வேலை இதுதான். மகசீனுக்குள் மருந்தில்லாத போலி ரவைகளை நிரப்பி ஒரு நாள் முழுக்கக் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கவேண்டும். பிறகு தடித்த கையுறையோடு எடுத்து, குளிர் விடுவதற்குமுன் நெஞ்சுயரத்தில் இருந்து சீமெந்துத் தரையில் விழுத்தவேண்டும். அடிப்பக்கம் விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வாய்ப்பக்கம் விழுந்தால்தான் வினை. ரவை வெளியே துள்ளாமல் பிடித்துவைத்திருக்கும் இரண்டு மெல்லிய விளிம்புகள் அங்கே இருக்கின்றன. சாதாரண நாளில் அவை வளைந்துவிட்டு நிமிரும். அந்தக் குளிரில் வளைய மறந்துவிடும். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், விஸ்கோத்து உடைவதுபோல. எடுத்துப் பார்த்தால் மயிரளவு வெடிப்பு. மூன்றாம் நாலாம் தரம் விழும்போது விளிம்பே போய், ரவையெல்லாம் தரையில் சிந்தும்.

விழாமலே பழுதாவதும் உண்டு. குளிரில் கிடந்ததைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே ஈரம் வேர்க்கும். திரும்பக் குளிருக்குள் போனால் அந்த ஈரம் பனியாகி, ரவையை மேலே தள்ளும் தட்டை இறுக்கிப் பிடித்துவிடும். அதன் பிறகு வில்லுச்சுருள் எவ்வளவு தள்ளினாலும் அசையாது.

நைலோனுக்குத் தண்ணீர் பிடித்தால் முறியாமல் வளையும் தன்மை கூடும் என்பது எனக்குப் படிப்பில் தெரிந்த விசயம். வார்த்து எடுத்தவுடன் அது காய்ந்து முறுகலாக இருக்கும். சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பார்க்கலாம் என்று கென்னிடம் சொன்னேன். செய்தோம். வெடிப்புக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. உடைந்த ஒவ்வொன்றையும் உடைந்தது என்று எழுதினேன். மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். கென் தாளைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுவார். "நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும்" என்பார்.

இந்த நாட்டில் என்னை ஒருவர் நம்பினார் என்பது எனக்குப் பெரிய விசயமாக இருந்தது.

3

அந்தப் பெருமையில்தான் தம்பிக்கு எழுதினேன். தம்பி சபேசன் யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டிருந்தான். 'இப்போது மகசீன் பரிசோதிக்கும் பொறுப்பு முழுவதும் என்னிடம்தான்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

அவன் பதில் மூன்று கிழமையில் வந்தது. "அண்ணை, நீங்கள் பத்திரிகைத் துறைக்குப் போனது எங்களுக்கெல்லாம் புதினம். மாத மகசீனோ, வார மகசீனோ? இங்கிலிஷிலயோ? நேசம் எல்லாருக்கும் சொல்லிப்போட்டா. ஒரு பிரதி அனுப்பிவிடுங்கோ."

நேசம் அவன் மனைவி. அவ சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்த மாதிரித்தான்.

நானும் என் மனைவி பவானியும் குசினிக் கதிரையில் இருந்து வயிறு நோகச் சிரித்தோம். பத்து வயது மாலதி, என்ன சிரிப்பு என்று இங்கிலிஷில் கேட்டாள். சொன்னோம். மகசீன் என்றால் இரண்டுந்தானே, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு ரிவியைப் பார்க்கப் போய்விட்டாள். எங்களுக்கு இருந்தது தமிழில் ஒரு மகசீன், அது சஞ்சிகை. அவளுக்கு இரண்டும் இருந்தன.

அன்று இரவே உட்கார்ந்து தம்பிக்கு நீண்ட கடிதம் எழுதினேன். இது வாசிக்கும் மகசீன் இல்லையடா என்று தொடங்கி, பெட்டி, வில்லுச்சுருள், தட்டு, வாய் விளிம்பு எல்லாவற்றையும் அடிமட்டம் வைத்துப் படம் கீறினேன். எங்கே வெடிக்கிறது என்று அம்புக்குறி போட்டேன். ஏன் வெடிக்கிறது என்று ஒரு பக்கம். பௌதிகம் படிப்பிக்கிறவன், ரசிப்பான் என்று நினைத்தேன். பவானி மட்டும், "உதெல்லாம் எழுதலாமோப்பா?" என்று கேட்டா.

"பிளாஸ்ரிக் உடையிற கதைதானே" என்றேன்.

காலையில் வேலைக்குப் போகும் வழியில் தபாலில் போட்டேன்.

4

ரசித்தான். அளவுக்கு மிஞ்சி ரசித்துவிட்டான்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. குளிரில் பொருள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று ஒரு மேசை போட சபேசன் தீர்மானித்தான். பனியே காணாத பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்குமா? மரவேலை படிப்பித்த செல்லையா மாஸ்ரரிடம் என் படத்தைக் கொடுத்து, இரண்டு மடங்கு பெரிதாக ஒன்று செய்து தரச்சொன்னான். ஐம்பத்துநாலு வயது மனிதர், மூன்று பெண்பிள்ளைகள். வேப்பமரத்தில் இழைத்து, பழைய மணிக்கூட்டிலிருந்து வில்லுச்சுருள் எடுத்துப் பூட்டி, வாய் விளிம்பு தனியாகக் கழரும்படி அழகாகச் செய்து கொடுத்தாராம். மேசையில் மாதிரி. பின்னால் சுவரில் என் படம், என் கையெழுத்தில்.

அந்த நாட்களில் யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று இதை வாசிக்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவசரகாலச் சட்டம். சைக்கிளில் போகும் பொடியன்களை மறித்து ஏற்றிக்கொண்டு போன காலம். கண்காட்சியின் இரண்டாம் நாள் பொலிஸ் ஜீப் வந்தது. மரமகசீனையும் படத்தையும் எடுத்துக்கொண்டு, சபேசனையும் செல்லையா மாஸ்ரரையும் ஏற்றிப்போனார்கள்.

எனக்கு இது தெரிய வந்தது பதினெட்டு நாளைக்குப் பிறகு. நேசம் எழுதியிருந்தா. நீல வான்கடிதத்தின் மூன்று பக்கமும் நிரப்பி, மடிக்கும் ஓரத்திலும் எழுதியிருந்தா.

"அத்தான், இவர் உயிரோட இருக்கிறார் எண்டு மட்டும் தெரியும். போய்ப் பாக்க விடினமில்லை. அவுஸ்திரேலியாவில அண்ணன் துவக்குச் செய்யிறான், தம்பி இங்க செய்யப் பாக்கிறான் எண்டு சொல்லினமாம். வழக்குப் பேசிற அப்புக்காத்து சொல்லுறார், நீங்கள் வேலை செய்யிற இடத்தில இருந்து ஒரு கடிதம் எடுத்தனுப்பினா விடக்கூடுமாம். கெதியா அனுப்புங்கோ. செல்லையா மாஸ்ரரும் உள்ளுக்கத்தான்."

கடைசி வரி ஓரத்தில் சரிந்து, சின்ன எழுத்தில் இருந்தது. ஆனால் வாசிக்கக்கூடியதாக இருந்தது. அதை நான் வாசித்தேன். இதை இங்கே குறிப்பிட்டு வைக்கவேண்டும்.

பவானி குசினியில் நின்று அழுதுகொண்டிருந்தபோது மாலதி வந்தாள். சித்தப்பாவைப் பொலிஸ் பிடித்து கஸ்ரடியில் வைத்திருக்கிறது என்று சொன்னேன். தமிழில் சொன்னால் அவளுக்கு விளங்காது என்று அந்தச் சொல்லை இங்கிலிஷில் சொன்னேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். அவளுடைய வகுப்புத் தோழி டெபியின் தாயும் தகப்பனும் விவாகரத்துச் செய்தவர்கள். பிள்ளை யாரோடு இருப்பது என்ற உரிமைக்கும் இங்கே கஸ்ரடி என்றுதான் பெயர். "டெபியின் அப்பாவுக்கும் கஸ்ரடி இருக்கிறது, சனி ஞாயிறுகளில்" என்றாள் இங்கிலிஷில். "அப்ப சித்தப்பா திங்கட்கிழமை வீட்டுக்குப் போய்விடுவாரா?"

ஓம் என்று சொல்லிவிட்டேன்.

5

அடுத்த நாள் மேலாளரின் அறைக்குப் போனேன். வழியில் கென்னிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டார். "உள்ளே போய் ஒன்றையும் மறைக்காதே" என்றார்.

மறைக்கவில்லை. மேலாளர் கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டார். பிறகு என் பெயரிலிருந்த கோப்பு ஒன்றை வரவழைத்து, என் முன்னால் ஒரு தாளை வைத்தார். முதல் நாள் நான் வாசிக்காமல் கையெழுத்திட்ட தாள்.

"இதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா?"

"இப்போது தெரிகிறது."

"நாங்கள் இன்னும் விற்காத ஒரு பொருளின் படத்தை நீ வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறாய்."

"அது வேலை செய்யாத பொருள், சேர். நான்தானே எழுதித் தந்தேன். குளிரில் உடைகிறது."

அவர் தாளைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார். அந்த முயற்சியைக் கைவிடுவதென்று போன மாதமே முடிவெடுத்துவிட்டோம் என்றார். என் தாள்களைப் பார்த்துத்தானாம். எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"அப்படியென்றால் அதையே எழுதித் தாருங்கள்" என்றேன். "பரிசோதனையில் தோற்றுப்போன பொருள் என்று எழுதுங்கள். என் தம்பி ஒரு வாத்தியார். துவக்கைக் கையால் தொட்டதில்லை."

"தம்பியின் முழுப்பெயர் என்ன?"

அந்த நேரம் எனக்குச் செல்லையா மாஸ்ரரின் நினைவு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். அவர் பெயரையும் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மேலாளர் பேனாவைப் பிடித்திருந்த விதம் எனக்குப் பயத்தைத் தந்தது. ஒரு பெயர் என்றால் அது குடும்பம். இரண்டாவது பெயரும் வந்தால், யார் இவர், என்ன தொடர்பு, இன்னும் எத்தனை பேர் என்று கேள்வி வரும். பேனாவை மூடிவிடுவாரோ என்று பயந்தேன். சபேசனின் பெயரை மட்டும் எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.

பின்னேரம் கடிதம் தயாராயிற்று. கூடவே இன்னொரு உறையும் இருந்தது. "உன் தம்பிக்காக இதைத் தருகிறேன்" என்றார் மேலாளர். "திங்கட்கிழமை நீ வரவேண்டாம்."

கடிதத்தின் பிரதிகளைத் தெருக்கோடி மருந்துக்கடைக்காரரிடம் கொண்டுபோய் அத்தாட்சிக் கையெழுத்து வாங்கினேன். இங்கே அவர்தான் சமாதான நீதவான். ஒரு கிழவிக்கு இருமல் மருந்து கட்டிக் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்து, என் தம்பியின் உயிருக்கு முத்திரை குத்தினார். பிறகு தலைநகர் கன்பராவுக்கு அனுப்பி இன்னொரு முத்திரை. ஒரு படிவத்தில் என் பெயர் இரத்தினவேல், மற்றதில் ரொன் என்று இருந்ததால் திரும்பி வந்தது. இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி எழுதிக்கொடுத்தேன். அதற்கும் மருந்துக்கடை.

6

சபேசனை மூன்றாம் மாதம் விட்டார்கள். தந்தி வந்த அன்று பவானி பால்பாயசம் வைத்தா.

அவன் கடிதம் வர இன்னும் ஒரு மாதம் எடுத்தது. ஒரு பக்கம்கூட இல்லை. எழுத்து அவனுடையதுதான், ஆனால் வலக்கைப் பக்கம் இறங்கி இறங்கிப் போயிருந்தது. இடது காது கேட்பதில்லை என்று ஒரு வரி. மற்றது இது:

"பொலிஸ் பெரியவர் உங்கட லெற்றரை இரண்டு தரம் வாசிச்சவர். உடையிற சாமானுக்கோடா இவ்வளவு பாடு எண்டு சிரிச்சுப்போட்டு, என்னைப் போகச் சொன்னவர். மாஸ்ரரையும் விடுங்கோ எண்டு கேட்டனான். இதில அந்த ஆளின்ர பேர் இல்லையே எண்டார். கண்காட்சியில வைச்சது என்ர பிழை, அண்ணை. அதை நான் ஆரிலயும் போடேல்லை. ஆனா அவரின்ர பேரை ஏன் நீங்கள் எழுதுவிக்கேல்லை? நேசம் உங்களுக்கு எழுதினவ எண்டு சொல்லுறா."

இதற்கு நான் பதில் எழுதவில்லை. நாலைந்து தரம் தொடங்கினேன். தெரியாமல் போய்விட்டது என்று எழுதியிருக்கலாம். எழுத முடியவில்லை.

அதே கிழமை இன்னொரு கடிதம். தெரியாத கையெழுத்து. முத்து முத்தான எழுத்து. செல்லையா மாஸ்ரரின் மனைவி.

"மதிப்புக்குரிய தம்பிக்கு, நீங்கள் எங்களை அறியமாட்டீர்கள். சபேசன் மாஸ்ரருக்கு நீங்கள் எடுத்துக் கொடுத்த கடிதம் போல எங்கட இவருக்கும் ஒன்று எடுத்துத் தர முடியுமா? இவர் சும்மா மரத்தில் செய்து கொடுத்தவர். வேறொன்றும் அறியார். முழுப்பெயரும் பிறந்த திகதியும் கீழே எழுதியிருக்கிறேன்."

திட்டவில்லை. குறை சொல்லவில்லை. முழுப்பெயரும் பிறந்த திகதியும் கீழே இருந்தன.

7

தொழிற்சாலைக்குப் போனேன். வாசலில் விடவில்லை. மேலாளருக்கு எழுதினேன். ஏற்கெனவே ஒரு கடிதம் தரப்பட்டுவிட்டது, இதற்கு மேல் நிறுவனத்தால் ஒன்றும் செய்ய இயலாது என்று பதில் வந்தது.

சனிக்கிழமை கென்னின் வீட்டுக்குப் போனேன். அதற்குமுன் போனதில்லை. பின்வளவில் எலுமிச்சை மரத்தை வெட்டித் திருத்திக்கொண்டிருந்தார். மாஸ்ரரின் மனைவி எழுதியதை வாசித்து, வரிக்கு வரி இங்கிலிஷில் சொன்னேன். மேலாளரிடம் நான் சொல்லாமல் விட்ட பெயரைப் பற்றியும் சொன்னேன். அதுவரைக்கும் பவானியிடம்கூடச் சொன்னதில்லை.

கென் கத்தரிக்கோலைப் புல்லில் வைத்தார். "நீ ஒரு வெடிப்பையும் மறைத்து எழுதியவன் இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பின்னேரம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் தட்டச்சுச் செய்த கடிதம். முந்திய கடிதத்தின் வசனங்கள்தான். பெயர் மட்டும் செல்லையா மாஸ்ரருடையது. ஓய்வுபெறக் கென்னுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.

"தெரிந்தால் உங்களையும் அனுப்பிவிடுவார்கள், கென்."

"உன் தாள்கள் எத்தனையிலோ வாசிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ரொன்" என்றார். "இதை வாசித்துவிட்டுப் போடுகிறேன்."

குசினி மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரல் வைத்து வாசித்தார். செல்லையா என்ற பெயரை எப்படிச் சொல்வது என்று கேட்டார். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

மருந்துக்கடை, கன்பரா, முத்திரைகள் எல்லாம் முடிந்து, பதிவுத் தபாலில் மாஸ்ரரின் மனைவிக்கே அனுப்பினேன். பவானி கந்தனுக்கு நேர்த்தி வைத்தா. நான் ஒவ்வொரு நாளும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

ஏழாவது கிழமை பதில் வந்தது. உறை தடிப்பாக இருந்தது. உள்ளே கென்னின் கடிதம், நாலாக மடித்தபடி. கூட ஒரு கொப்பித் தாள்.

"அன்புள்ள தம்பிக்கு, உங்கள் கடிதம் கிடைத்தது. இவர் அதற்குப் பதினொரு நாள் முந்தி ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். மார்பு வருத்தம் என்று சொன்னார்கள். கடைசிக் கிரியைக்கு உடலைத் தந்தார்கள். சபேசன் மாஸ்ரர் வந்து எல்லாம் பொறுப்பாக நின்று செய்தார். நீங்கள் எங்களுக்காகப் பட்ட கஷ்டத்துக்கு நன்றி. இந்தக் கடிதம் இனி எங்களுக்குத் தேவைப்படாது. எங்கள் வீதியிலேயே இன்னும் ஆறு பேரைக் கொண்டுபோயிருக்கிறார்கள். வேறு ஆருக்கும் உதவலாம் என்று திருப்பி அனுப்புகிறேன்."

கென்னின் கடிதத்தை மேசையில் விரித்தேன். அவருடைய கையெழுத்தில் கறை படவில்லை. முத்திரைகள் கலையவில்லை. கணவரின் பெயருக்குக் குறுக்கே மட்டும், இன்னொரு பெயர் எழுத மேலே இடம் விட்டு, அவ அடிமட்டம் வைத்துப் பென்சிலால் மெல்லிய கோடொன்று கீறியிருந்தா.